"எனக்கு ஷபாத் பிடிக்கல" என்று அழும் மகன்

கேள்வி: யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து டொராண்டோவில் வளர்ந்தவள் நான். கணவர் யூதர். திருமணத்துக்கு முன்பே ஒன்றரை வருடம் படித்து, முறைப்படி யூத மதத்துக்கு மாறினேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, விரும்பித்தான் மாறினேன். இப்போது தோர்ன்ஹில்லில் இருக்கிறோம். மகனுக்கு நாலரை வயது, மகளுக்கு இரண்டு.

வெள்ளிக்கிழமை மாலை ஷபாத் என்னும் ஓய்வுநாள் தொடங்கும். வெள்ளிக்கிழமை வந்தாலே வயிற்றைக் கலக்குகிறது. போன வாரம் மகன் திராட்சைச் சாற்றுக் கோப்பையைத் தட்டிவிட்டான். வெள்ளை விரிப்பு முழுக்கச் சிவப்பு. மாமியாரும் மாமனாரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் அவனைக் கத்திவிட்டேன். "எனக்கு ஷபாத் பிடிக்கல" என்று அழுதுகொண்டே போய்ப் படுத்துவிட்டான். மாமியார் ஒரு வார்த்தை பேசவில்லை, அது என்னைக் குற்றம் சொல்வதுபோல இருந்தது. அம்மா வீட்டுக்குப் போனால் வேறு வழக்கு: அம்மம்மா செய்யும் இறால் பொரியலை நான் மட்டும் ஏன் சாப்பிடக் கூடாது என்கிறான். டிசம்பரில் சாண்டா ஏன் நம் வீட்டுக்கு வருவதில்லை என்பான். கணவருக்கு இதெல்லாம் பிறந்ததிலிருந்து பழக்கம். நான் ஒவ்வொன்றையும் புத்தகம் பார்த்துச் செய்கிறேன். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் நான் நிற்பதே பொய் வேடம்போலப் படுகிறது. என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. நான் யூதர் இல்லை. ஆனால் யூதக் குழந்தைகள் படிக்கும் ஒரு பாலர் பள்ளியில் பல வருடம் வேலை பார்த்துவிட்டுத்தான் பெற்றோருக்கு ஆலோசனை சொல்லும் இந்த வேலைக்கு வந்தேன். அதனால் உங்கள் வீட்டு வெள்ளிக்கிழமையை என்னால் கண்ணால் பார்க்க முடிகிறது. மதச் சட்டம் சம்பந்தப்பட்ட இடங்களில் உங்கள் ரபி (யூத மதகுரு) சொல்வதுதான் முடிவு. பிள்ளைகள் சம்பந்தப்பட்ட இடங்களில் நான் சொல்வதைக் கேளுங்கள்.

மகன் சொன்ன அந்த வாக்கியத்திலிருந்து தொடங்குவோம். நாலரை வயதுப் பிள்ளைக்கு ஷபாத் என்பது ஒரு மதக் கருத்து கிடையாது. அன்றைக்கு அவனுக்கு ஷபாத் என்றால் பசி, தூக்கம், ஆடாமல் உட்காரச் சொல்லும் நாற்காலி, கடைசியில் அம்மாவின் கோபம். அதைத்தான் பிடிக்கவில்லை என்கிறான். நானும் அவன் இடத்தில் இருந்தால் அதையேதான் சொல்லியிருப்பேன்.

மேசையில் ஹல்லா ரொட்டி இரண்டையும் துணி போட்டு மூடி வைக்கிறீர்கள் அல்லவா? அதற்குக் குழந்தைகளிடம் சொல்லும் காரணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வழக்கமாக உணவில் முதல் ஆசி ரொட்டிக்குத்தான். வெள்ளிக்கிழமை இரவில் திராட்சை ரசம் முந்திக்கொள்கிறது. தன்னை விட்டுவிட்டு இன்னொருவருக்கு மரியாதை நடப்பதைப் பார்த்து ரொட்டி கூசிப்போகக் கூடாது, அதனால்தான் துணி. ஒரு ரொட்டியின் மனம் நோகக் கூடாது என்று நினைக்கும் மேசை அது. அந்த மேசையில் உங்கள் பையன் தாத்தா பாட்டி முன்னால் கூசி நின்றிருக்கிறான். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் அவனிடம் போய், "அன்றைக்கு அம்மா கத்தியது தப்பு, சாறு கொட்டியதற்குக் கத்தியிருக்கக் கூடாது" என்று சொல்லுங்கள். விளக்கம் வேண்டாம், அந்த இரண்டு வரி போதும். அப்புறம் விரிப்பின் மேல் தடித்த கண்ணாடித்தாள் ஒன்று போட்டுவிடுங்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் யூத வீடுகளில் பாதிக்கு மேல் அதைத்தான் பார்த்திருக்கிறேன். சிவப்புக்குப் பதில் வெள்ளைத் திராட்சைச் சாறு வாங்கினாலும் கிட்டுஷ், அதாவது அந்தத் திராட்சை ரச ஆசியை, சொல்லலாம்.

அடுத்தது நேரம். இதுதான் உங்கள் வீட்டின் உண்மையான சிக்கல் என்று எனக்குத் தோன்றுகிறது. சூரியன் மறைவதற்குப் பதினெட்டு நிமிடம் முன்னால் விளக்கேற்றுவது வழக்கம். இந்த ஊரில் டிசம்பரில் அது மாலை நாலரைக்கு முன்பே வந்துவிடும். ஜூன் கடைசியில் எட்டே முக்காலைத் தொடும். அதாவது குளிர்காலத்தில் நீங்கள் வேலையிலிருந்து ஓடி வருகிறீர்கள், கோடையில் பிள்ளைகள் தூங்க வேண்டிய நேரத்தில் விருந்து ஆரம்பிக்கிறது. இரண்டு காலத்துக்கும் ஒரே திட்டம் போட்டால் நடக்காது. கோடையில் ஷபாத்தை முன்கூட்டியே ஏற்றுக்கொள்ள சட்டத்திலேயே இடம் இருக்கிறது, சூரிய அஸ்தமனத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் முன்பு வரை போகலாம். அந்த மணி நேரத்தைக் கணக்கிட ஒரு முறை உண்டு, ரபியிடம் கேட்டால் ஒவ்வொரு வாரத்துக்கும் சொல்லிவிடுவார். சின்னக் குழந்தைகள் உள்ள பல குடும்பங்கள் ஜூன், ஜூலையில் அப்படித்தான் செய்கின்றன. அப்படியும் முடியாத வாரத்தில் பிள்ளைகளுக்கு ஆறு மணிக்கே சோறு கொடுத்துவிடுங்கள். பெரியவர்களின் விருந்து பெரியவர்களுக்கு நடக்கட்டும்.

பிள்ளைகள் மேசையில் இருக்க வேண்டியது இருபது நிமிடம்தான். இரண்டு வயதுக்காரிக்கு அதுவும் அதிகம், மடியில் ஏறி இறங்கினால் விட்டுவிடுங்கள். ஆனால் அந்த இருபது நிமிடமும் அவர்கள் பார்வையாளராக இருக்கக் கூடாது. கையில் வேலை இருக்க வேண்டும். விளக்கேற்றும் முன் தர்ம உண்டியலில் காசு போடுவது மகனின் வேலை. ரொட்டிக்குத் துணி போடுவது மகளின் வேலை (இரண்டு வயதுக்குக் கனகச்சிதமான வேலை அது, பத்துத் தடவை எடுத்து எடுத்துப் போடுவாள்). நீங்கள் விளக்கேற்றி, கைகளால் மூன்று முறை வளைத்து, கண்ணை மூடி ஆசி சொல்லும்போது அவளும் முகத்தைப் பொத்திக்கொள்ளட்டும். அவளுக்கு அது கண்ணாமூச்சி. பரவாயில்லை, அப்படித்தான் உள்ளே வருவார்கள். விளக்கை மட்டும் கை எட்டாத உயரத்தில் வையுங்கள். ஷபாத்தில் அதை அணைக்கவோ நகர்த்தவோ மாட்டீர்கள் என்பதால் இடத்தை முன்பே யோசித்துவிடுவது நல்லது.

இது என் சொந்த யோசனை என்று நினைத்துவிடாதீர்கள். யூதச் சட்டத்தின் பழைய தொகுப்பான மிஷ்னாவில், சுக்கோத் பண்டிகைக்குப் போடும் சூக்கா குடிலைப் பற்றிச் சொல்லும் இடத்தில், அம்மாவைத் தேடாத அளவு வளர்ந்த குழந்தைக்குத்தான் அந்தக் கடமை என்று இருக்கிறது. அதே பண்டிகையில் கையில் பிடிக்கும் லுலாவ் ஓலையைக் குலுக்கத் தெரிந்த குழந்தைக்குத்தான் லுலாவ். வயதைச் சொல்லவில்லை, அந்தக் குழந்தையால் என்ன முடியும் என்பதைப் பார்த்திருக்கிறார்கள். பெசாக் (பாஸ்கா) பண்டிகைக்கு முந்திய நாளில் ரபி அக்கிவா குழந்தைகளுக்கு வறுத்த தானியமும் கொட்டைகளும் கொடுப்பாராம், அவர்கள் தூங்கிவிடாமல் இருந்து இரவில் கேள்வி கேட்பதற்காக. மிஷ்னாவை விரித்துப் பேசும் தால்முத்தில் இருக்கிறது இது. யூத மரபின் பெரிய ஆசிரியர்களில் ஒருவர், குழந்தை தூங்கிவழியும் என்று தெரிந்து அதற்கு ஏற்பாடு செய்தார். அவர் செய்ததை நீங்களும் செய்யலாம்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். "ஏன் நான் மட்டும் சாப்பிடக் கூடாது" என்ற கேள்விக்குப் பெரியவர்கள் செய்யும் பெரிய தவறு, அந்த உணவை மட்டமாகப் பேசுவது. "அது அசுத்தம்" என்று ஒரு தடவை சொன்னால் போதும், அம்மம்மாவின் அடுப்பங்கரையே அவன் மனதில் அசுத்தமாகிவிடும். அதை எடுப்பது கஷ்டம். "மீனுக்குத் துடுப்பும் செதிலும் இருந்தால் நாம் சாப்பிடுவோம், இறாலுக்கு இல்லை, அதனால் நம் வீட்டில் சாப்பிடுவதில்லை. அம்மம்மா யூதர் இல்லை, அவர் சாப்பிடலாம்." இவ்வளவுதான். நாலரை வயது விதியை விரும்பும் வயது. அடுத்த முறை மீன் கடையில் அவனே செதில் தேடுவான். நண்டு, கணவாய், சுறா எல்லாவற்றையும் அவனே தள்ளிவிட்டு உங்களுக்கு வந்து சொல்வான்.

அம்மாவோடு இதைத் தனியாகப் பேசுங்கள், பிள்ளைகள் இல்லாத நேரத்தில். அவர் வீட்டில் ஒரு புதுப் பானை, ஒரு தாச்சி, நாலு தட்டு வாங்கி வைத்து, "இது பேரப்பிள்ளைகளின் சாமான்" என்று அலமாரியில் ஓர் இடத்தில் ஒதுக்கச் சொல்லுங்கள். நம் ஊர்ச் சமையல் உங்களுக்கு எவ்வளவு கை கொடுக்கிறது என்று கவனித்தீர்களா? கோஷர் (யூத உணவு விதிப்படியான) சமையலில் பால் ஒரு பக்கம், இறைச்சி ஒரு பக்கம், இரண்டிலும் சேராதது பார்வே. இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் பார்வே. நெய் விடாத பருப்பும் சோறும் பார்வே. மற்ற வீடுகளில் இறைச்சிக்குப் பிறகு என்ன கொடுப்பது என்று திண்டாடுவார்கள், உங்களுக்குத் தேங்காய்ப்பால் இருக்கிறது. கடையில் வாங்கும் பொடிகளில் சி.ஓ.ஆர். என்ற கோஷர் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதை அம்மாவுக்குக் காட்டிக்கொடுங்கள். பேரப்பிள்ளைகளுக்காக என்றால் அவர் உங்களைவிடக் கவனமாகப் பார்ப்பார். உங்கள் வீட்டில் பால் சாமானுக்கு நீலம், இறைச்சிச் சாமானுக்குச் சிவப்பு என்று வண்ணப் பொட்டு ஒட்டும் வேலையை மகனுக்குக் கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. "சமத்தாக உட்கார்ந்தால் ஐஸ்கிரீம் தருவேன்" என்று வெள்ளிக்கிழமை இரவில் சொல்லிவிடாதீர்கள். கோழி சாப்பிட்டபின் பால் ஐஸ்கிரீம் கொடுக்க முடியாது, வாக்கு பொய்யாகும். குழந்தையிடம் ஒன்றைத் தருவதாகச் சொல்லிவிட்டுத் தராமல் இருந்தால் அதற்குப் பொய்யைக் கற்றுக்கொடுத்ததாக ஆகும் என்று ரபி ஸேரா சொன்னதும் தால்முத்தில் உண்டு. இறைச்சிக்கும் பாலுக்கும் இடையில் சின்னப் பிள்ளைகள் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதில் தளர்வு உண்டு, அதை ரபியிடம் கேளுங்கள்.

பெசாக் வரும்போது உங்களுக்கு ஒரு வாரம் நெருக்கடிதான். மாமியார் குடும்பம் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த அஷ்கெனாசி என்றால் எட்டு நாளும் சோறு, பருப்பு, உளுந்து எல்லாம் விலக்கு. ஸ்பெயின் வழி வந்த செஃபார்டி குடும்பங்களில் பெரும்பாலோர் சோறு சாப்பிடுவார்கள். யூத மதத்தின் கன்சர்வேடிவ் பிரிவுச் சட்டக் குழுவும் 2015-இல் அஷ்கெனாசிகளுக்கு அதை அனுமதித்தது. உங்கள் சபை எந்தப் பக்கம் என்று கணவரை விசாரிக்கச் சொல்லுங்கள். எந்தப் பக்கமானாலும் பெருங்காய டப்பாவை மறந்துவிடாதீர்கள். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், பெசாக்கில் அது எல்லாருக்கும் விலக்கு. இதை மாமியார் வீட்டில் யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள், அவர்களுக்குப் பெருங்காயம் தெரியாது.

சாண்டா விஷயம் எளிது. "அது வேறு பிள்ளைகளின் பண்டிகை, நாம் கொண்டாடுவதில்லை, அவர்களுக்கு அது சந்தோஷம்" என்று முகத்தில் சங்கடமில்லாமல் சொல்லுங்கள். சாண்டா உண்மையா பொய்யா என்ற பேச்சைப் பள்ளிக்கூடத்தில் எடுக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவையுங்கள். ஹனுக்காவை ஊதிப் பெரிதாக்கி கிறிஸ்துமஸோடு போட்டிக்கு விடாதீர்கள். யூத நாட்காட்டியில் அது சின்னப் பண்டிகை. எட்டு இரவு, ஒவ்வொரு இரவும் ஒரு விளக்கு கூட, எண்ணெயில் பொரித்த பலகாரம், பம்பரம், அவ்வளவு போதும். பிள்ளைகளுக்கு உண்மையில் பெரிய பண்டிகைகள் சுக்கோத்தும் பூரிமும். முற்றத்தில் ஓலையும் கிளையும் போட்டு வேய்ந்த குடிலில் உட்கார்ந்து சாப்பிட்ட பிள்ளை, வேடம் போட்டு கிலுகிலுப்பை சுற்றிய பிள்ளை, டிசம்பரில் எதையும் இழந்ததாக நினைப்பதில்லை. இதை நான் பள்ளியில் வருடா வருடம் பார்த்தேன்.

இப்போது உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு வருகிறேன். பொய் வேடம் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு வெகுநேரம் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை இரவு மகன் தலையில் கை வைத்து என்ன சொல்கிறீர்கள்? "கடவுள் உன்னை எப்பிராயீமைப் போலவும் மனாசேயைப் போலவும் ஆக்குவாராக." ஆபிரகாமைப் போல, மோசேயைப் போல என்று சொல்வதில்லை. யார் இந்த இரண்டு பேர்? யோசேப்பின் பிள்ளைகள். எகிப்தில் பிறந்தவர்கள். அவர்களுடைய அம்மா ஆஸ்நாத், ஓன் நகரத்துப் பூசாரியின் மகள். ஆதியாகமத்தில் அப்படியே இருக்கிறது. வேற்று நாட்டில், வேறு மதத்துப் பூசாரி வீட்டில் பிறந்த பெண் வளர்த்த பிள்ளைகள். சாகப்போகும் யாக்கோபு அந்தப் பேரன்களின் தலையில் கை வைத்து, இஸ்ரவேலர் இனிமேல் தங்கள் பிள்ளைகளை உங்கள் பெயரைச் சொல்லித்தான் வாழ்த்துவார்கள் என்றார். இன்றும், பையன் நன்றாக வர வேண்டும் என்று யூத வீடுகளில் வேண்டும்போது, ஆஸ்நாத்தின் பிள்ளைகளைப் போல வர வேண்டும் என்றுதான் வேண்டுகிறார்கள். உங்கள் மாமியார் தன் மகனுக்கு அதைச் சொல்லித்தான் வளர்த்திருப்பார். மகளுக்குச் சொல்லும் சாராள், ரெபெக்காள், ராகேல், லேயாள் பெயர்களையும் யோசித்துப் பாருங்கள். நாலு பேருமே பிறந்த ஊரை விட்டு வேறு ஊருக்கு வந்தவர்கள்.

இன்னொன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒபதியா என்று ஒருவர், உங்களைப் போலவே மதம் மாறியவர், பெரும் யூத அறிஞரான மைமோனிடிஸுக்குக் கடிதம் எழுதினார். பிரார்த்தனையில் "எங்கள் முன்னோரின் கடவுளே" என்று வருகிறதே, என் முன்னோர் யூதர் இல்லையே, நான் அதைச் சொல்லலாமா என்று கேட்டார். ஒரு எழுத்தும் மாற்றாமல் சொல்லுங்கள், உங்களுக்கும் எங்களுக்கும் வித்தியாசம் இல்லை என்று மைமோனிடிஸ் பதில் எழுதினார். உங்கள் கேள்விக்கு எண்ணூறு வருடத்துக்கு முன்னாலேயே பதில் வந்துவிட்டது, தங்கை. அதே மைமோனிடிஸ், மதம் மாறியவர் தன்னைப் பெற்றவர்களை அவமதிக்கக் கூடாது, அவர்களுக்கு மரியாதை செய்ய வேண்டும் என்றும் எழுதி வைத்திருக்கிறார். அம்மா வீட்டுக்குப் போய்வருவதில் உங்களுக்கு ஏதாவது உறுத்தல் இருந்தால் அதையும் இறக்கி வைத்துவிடுங்கள்.

புத்தகம் பார்த்துச் செய்வது குறை என்று நினைக்கிறீர்கள். பிள்ளைகள் முன்னாலேயே புத்தகத்தைத் திறங்கள். "அம்மாவுக்குத் தெரியவில்லை, வா, பார்ப்போம்" என்று சொல்லுங்கள். பெசாக் இரவில் கேட்க மகன் இல்லாவிட்டால் மனைவி கேட்க வேண்டும், அவளும் இல்லாவிட்டால் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும் என்று விதித்த மரபு அது. இரண்டு அறிஞர்கள் உட்கார்ந்திருந்தாலும் ஒருவரை ஒருவர் கேட்க வேண்டும். படங்கள் உள்ள குழந்தைப் புத்தகங்களை மாதா மாதம் இலவசமாக வீட்டுக்கே அனுப்பும் பி.ஜே. நூலகத் திட்டம் கனடாவிலும் இருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 2005-இல் தொடங்கியது. அதில் சேர்ந்துகொள்ளுங்கள். மகனுக்காக வரும் புத்தகத்தை முதலில் நீங்கள் படியுங்கள்.

கணவருக்கும் ஒரு வார்த்தை, இதை அவரிடம் காட்டுங்கள். இதிலேயே ஊறியவர் என்றால் அவருக்கு வேலை அதிகம் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் ரொட்டி வாங்குவது, பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது, கிட்டுஷ் நேரத்தில் மகளை மடியில் வைத்துக்கொள்வது இனி அவர் பொறுப்பு. "இருபது நிமிடம்தான் பிள்ளைகள் உட்காருவார்கள்" என்று தன் அம்மாவிடம் சொல்ல வேண்டியதும் அவர்தான், நீங்கள் இல்லை. மாமியார் அன்றைக்குப் பேசாமல் இருந்ததை நீங்கள் குற்றச்சாட்டாக எடுத்துக்கொண்டீர்கள். மருமகள் அழுகிற நிலையில் இருக்கிறாள், இப்போது வாயைத் திறக்க வேண்டாம் என்று அவர் நினைத்திருக்கலாம். மகன் சின்ன வயதில் மேசையில் என்னவெல்லாம் கொட்டினான் என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

தமிழைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது. இரவில் படுக்கும்போது "இஸ்ரவேலே, கேள்" என்ற ஷெமா பிரார்த்தனையை எபிரேயத்தில் சொல்லிவிட்டு, அடுத்து நீங்கள் கேட்டு வளர்ந்த தாலாட்டையே பாடுங்கள். யூத வீட்டில் நம் பக்கத்து மொழி ஒலிப்பது புதிதல்ல. 1568-இல் கட்டிய ஜெப ஆலயம் இன்றும் நிற்கும் கொச்சியில், யூதப் பெண்கள் வேதக் கதைகளையும் கல்யாணப் பாட்டுகளையும் மலையாளத்தில் பாடி, நோட்டுகளில் எழுதிவைத்து மகள்களுக்குக் கொடுத்தார்கள். சாலொமோனின் கப்பல்கள் கொண்டுவந்ததாக வேதம் சொல்லும் மயிலுக்கு எபிரேயத்தில் வரும் "துக்கி" என்ற சொல்லை நம் "தோகை"யோடு சேர்த்துப் பார்க்கும் அறிஞர்கள் பலர். மகனுக்கு இதைச் சொல்லுங்கள், துள்ளுவான்.

சரி, வருகிற வாரத்துக்கு ஒரே ஒரு வேலை சொல்கிறேன். வெள்ளிக்கிழமையை எப்படியோ ஓட்டிவிடுங்கள், சனிக்கிழமை மாலை ஷபாத்தை வழியனுப்பும் ஹவ்தாலாச் சடங்கை மகனிடம் விட்டுவிடுங்கள். இந்த ஊரில் குளிர்காலத்தில் ஆறு மணிக்கு முன்பே இருட்டிவிடும், அவன் விழித்துத்தான் இருப்பான். குளிரங்கியை மாட்டி வாசலில் நிறுத்தி, ஷபாத் முடிந்ததற்கு அடையாளமான மூன்று நட்சத்திரத்தைத் தேடச் சொல்லுங்கள். மேகமாக இருந்தால் கடிகாரத்தைப் பார்க்கட்டும். மகள் கையில், ஹவ்தாலாவில் முகரும் வாசனைப் பெட்டியைக் கொடுங்கள். கடையில் வாங்கிய பெட்டி வேண்டாம். அதற்கு முன்பே அம்மா வீட்டுக்குப் போய், அவர் கறித்தூளுக்கு வைத்திருக்கும் கிராம்பு, கறுவா, ஏலக்காயில் ஒரு பிடி கேட்டு வாங்கி ஒரு சின்ன டப்பாவில் போட்டு வையுங்கள். எதற்கு என்று அம்மா கேட்பார். மகனையே பதில் சொல்லவிடுங்கள்.